குருவிகள் குளிக்கும் தொட்டி: ஆறு மாதங்களுக்குப் பின் என் மதிப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லைக்காக, கோலகங்சார் சாலையோரம் பூச்செடிகளும் சிமெண்டுச் சாடிகளும் விற்கும் கடையொன்றில், பறவைகள் குளிப்பதற்கான தொட்டியை 85 வெள்ளிக்கு வாங்கினேன். இடுப்பளவு தூணின் மேல் அகன்ற சிமெண்டுத் தட்டைத் தூக்கி வைக்கும் அமைப்பு அது. தட்டின் உட்புறம் சொரசொரப்பாக இருப்பதால் பறவைகளின் கால்கள் வழுக்குவதில்லை. புதுச் சிமெண்டில் சுண்ணாம்பு கசியும் என்பதால், ஒரு வாரம் நீரை ஊற்றிக் கொட்டிய பிறகே பயன்படுத்தினேன். குறை ஆழத்தில் இருக்கிறது: சிறு பறவைகளுக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீர் வேண்டாம், இதன் நடுவிலோ 8 சென்டிமீட்டர். கூழாங்கற்களைப் பரப்பி மேடாக்கினேன்.

இடம் தேர்ந்ததில்தான் நான் தவறினேன். நிழலுக்காக ரம்புத்தான் மரத்தடியில் வைத்ததில், இரண்டு மாதங்களும் சருகும் எச்சமும்தான் நீரில் சேர்ந்தன. பக்கத்துச் செம்பருத்திப் புதருக்குள் ஒரு நாள் காலை பூனை பதுங்கியிருந்ததைக் கண்ட பிறகே, இறகு நனைந்து சட்டென்று எழும்ப முடியாத குருவிக்கு அந்த இடம் எத்தனை ஆபத்தானது என்று உறைத்தது. இப்போது புதரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, காலை வெயில் விழுந்து, நண்பகலுக்குப் பின் சன்னல் இல்லாத மேற்குச் சுவரின் நிழல் படரும் திறந்த தரையில் நிற்கிறது. வெருண்டு பறக்கும் பறவை மோதுவதற்கு அங்கே கண்ணாடி இல்லை. தண்ணீர்க் குழாயும் அருகிலேயே உண்டு.

இடம் மாற்றிய நான்காம் நாள், மலாய்க்காரர்கள் மெர்பா என்றழைக்கும் கொண்டைக்குருவி ஒன்று விளிம்பில் அமர்ந்து, ஒரு காலை மட்டும் நீரில் வைத்துப் பார்த்துவிட்டு, தலையை முக்கி முதுகெல்லாம் நீரைச் சிதறவிட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

தட்டு தூணோடு ஒட்டப்படாமல் இருப்பது பெரிய வசதி. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து முழு வளர்ச்சியடைய ஏறக்குறைய ஒரு வாரம் போதும். வீட்டு வளாகத்தில் கொசுப்புழு கண்டால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதமும் உண்டு. ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டைக் கவிழ்த்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டைகள் ஒட்டும் ஓரத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கிறேன். சொரசொரப்பான பரப்பில் அதற்குக் கூடுதல் உழைப்பு வேண்டும். அடியில் வடிகால் துளை இல்லாததால், கனமான அந்தத் தட்டை என் அம்மாவால் தனியாகச் சாய்க்க முடியவில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதைவிடச் சிறிய தட்டைக் கேட்டு வாங்குவதே நல்லது.