பிரம்பா, பிளாஸ்டிக்கா, கடதாசிக் கயிறா: கல்லடி வீட்டுக்கு ஆறு கதிரைகள்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காலையில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று உப்பு ஒட்டும். ஏழு வருடத்துக்கு முதல் சாப்பாட்டு மேசைக்குக் கதிரை தேடியபோது இந்த உப்பை நான் நினைத்தும் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துத்தான் தேடினேன். முதலில் நான்கு பிளாஸ்டிக் கதிரை வாங்கினேன். அவை இரண்டு மாரிதான் தாக்குப்பிடித்தன. பிறகு ஆறு பிரம்புக் கதிரை செய்வித்தேன். அவற்றுக்கு இப்போது ஐந்து வயது. வீடு கட்டும் சொந்தக்காரர்கள் எதை வாங்குவது என்று என்னைக் கேட்கிறார்கள். நான் பிரம்பின் பக்கம் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்.

பிளாஸ்டிக், டென்மார்க்கின் கடதாசிக் கயிறு, பிரம்பு: வடிவத்தில் மூன்றும் அழகு, மூன்றிலும் இருந்து சாப்பிடலாம். விலையில் பிளாஸ்டிக் நகல் மலிவு, டென்மார்க் அசல் எட்டாத உயரம், ஓடாவியிடம் செய்விப்பது நடுவில். அதற்குமேல் விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பிளாஸ்டிக் கூடும் கம்பிக்காலும் சேர்ந்த அந்தக் கதிரையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கோப்பிக் கடை, சலூன், டியூஷன் வகுப்பு எங்கும் இருக்கிறது. அதைத் தொடங்கியவர்கள் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி. இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டவர்களின் காலுக்குக் கட்ட, ஒட்டுப்பலகையை மனிதக் காலின் வளைவுக்கு வளைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பழக்கத்தில், உடம்பை அப்படியே ஏந்திக்கொள்ளும் ஒரே கூட்டைச் செய்ய முயன்றார்கள். 1948இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் குறைந்த விலைத் தளபாடத்துக்கு நடத்திய போட்டிக்கு அந்த யோசனை போனது. 1950இல் கண்ணாடி இழைக் கதிரையாகக் கடைக்கு வந்தது. நல்ல பொருளைக் குறைந்த விலையில் நிறையப் பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று உழைத்த அந்த இருவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

நான் வாங்கியது அதன் நகலின் நகல். முதல் மாரி கழிந்ததும் கம்பிகளை ஒட்டிய வெல்டிங் புள்ளிகளில் கறள் கண்டது. இரண்டாவது மாரியில் அந்தக் கறள் வெள்ளை டைலில் இறங்கி, ஒவ்வொரு காலுக்குக் கீழும் மண்ணிற வட்டமாகப் படிந்தது. அந்த வட்டங்கள் இன்னும் போகவில்லை. கூட்டின் அடியில் ஸ்குரூ இறங்கும் இடத்தில் ஒன்று வெடித்தது. வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். கம்பி மெலிசு, சூடு பட்டால் உருகிவிடும் என்றார்கள். பிளாஸ்டிக் வெடிப்புக்கு ஒட்டிய பசை ஒரு கிழமை நின்றது. வாங்கிய கடையில் கேட்டால், கூடு தனியாக வராது, புதுக் கதிரை எடுங்கள் என்றார்கள். அசல் கதிரை இவ்வளவு கெதியாக விழுந்திருக்காது. என்றாலும் கம்பிக்கால் இரும்புதான், கடற்காற்று எல்லாருக்கும் பொதுதான்.

கம்பியே இல்லாத பிளாஸ்டிக்கும் இருக்கிறது. பிரெஞ்சு வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க் 2002இல் இத்தாலியின் கார்ட்டெல் நிறுவனத்துக்கு வரைந்த லூயி கோஸ்ட் கதிரை, பதினாறாம் லூயி காலத்துப் பிரெஞ்சு அரண்மனைக் கதிரையின் உருவத்தை ஒரே அச்சில் வார்த்த கண்ணாடி போன்ற பொலிகார்பனேட். கறள் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. கல்லடி மணல்தான் அதற்கு எதிரி. கடற்கரையோரக் கல்யாண மண்டபம் ஒன்றில் அந்த வகைக் கதிரைகளைப் பார்த்தேன். இருக்கும் இடமெல்லாம் கீறி, ஒளி ஊடுருவாமல் மங்கிப் போயிருந்தது. அந்தக் கதிரைக்கு அழகே ஒளிதான்.

அடுத்தது டென்மார்க். அங்கத்தைய கதிரை வடிவமைப்பாளர் ஹான்ஸ் வேக்னர் 1914இல் பிறந்தவர், 14 வயதிலேயே தச்சுப் பட்டறையில் தொழில் பழகப் போனவர். சீனாவின் மிங் காலத்துக் கதிரைகளில் டேனிஷ் வணிகர்கள் இருக்கும் ஓவியங்களைப் பார்த்து, அந்தக் கதிரையைத் திரும்பத் திரும்பத் தன் கையால் தேடினார். 1949இல் அவர் வரைந்த விஷ்போன் கதிரை அந்தத் தேடலில் வந்தது. பின்பக்கம் ஆங்கில Y எழுத்துப் போல ஒரு தண்டு, வட்டமாக வளைந்த மேற்சட்டம், இருக்கைக்கு முறுக்கிய கடதாசிக் கயிறு. ஒரு கதிரைக்குக் கிட்டத்தட்ட 120 மீற்றர் கயிறு போகிறது. கொழும்பில் ஒரு வீட்டில் ஒரு மணித்தியாலம் அதில் இருந்தேன். இவ்வளவு நல்ல கதிரையில் அதற்கு முன்னும் பின்னும் நான் இருந்ததில்லை. ஆனால் என் அனுபவம் அந்த ஒரு மணித்தியாலம்தான். மார்கழியில் எங்கள் வீட்டுப் புத்தகங்களே ஈரத்தில் ஊதிக் கிடக்கும். அந்த ஈரத்தில் கடதாசிக் கயிறு எப்படி நிற்கும் என்று பரீட்சித்துப் பார்க்க என்னிடம் காசும் இல்லை, துணிவும் இல்லை. அறுந்தால் பின்ன மட்டக்களப்பில் ஒருவரும் இல்லை. அதோடு அந்தக் கதிரையை விட்டுவிட்டேன்.

பிரம்புக்கு என்னைக் கூட்டி வந்தது இந்தியாவின் சண்டிகார் நகரம். அதைத் திட்டமிட்ட கட்டிடக் கலைஞர் லே கொர்பூசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ஜான்னரே, 1950களில் அந்தப் புதிய நகரத்தின் அலுவலகங்களுக்கும் நூலகங்களுக்கும் தளபாடம் வரைந்தார். இந்தியக் கட்டிடக் கலைஞர் யூலி சௌத்ரியும் கூட நின்று வேலை செய்தார். மரம் தேக்கு. இருக்கையும் முதுகும் பிரம்புப் பின்னல். பக்கத்துக் கால்கள் விரித்த கவராயம் போலத் தலைகீழ் V வடிவம். வெக்கைக்கும் பூச்சிக்கும் ஈடுகொடுக்கும் பொருளை எடுத்து, உள்ளூர்ப் பட்டறைகள் செய்யக்கூடிய அளவுக்குக் கோட்டை எளிதாக்கினார்கள். எனக்கு அந்தக் கதிரையின் கலை அந்த எளிமையில்தான் இருக்கிறது. ஒரு ஓடாவி படத்தைப் பார்த்தே அதை வாசித்துவிடலாம்.

பிரம்பை இன்றைக்கு வேறொரு திசையில் கொண்டு போகிறவர் பிலிப்பைன்ஸின் செபு நகரத்துக் கென்னத் கொபொன்புவே. அவருடைய அம்மா பிரம்புத் தளபாடம் செய்தவர். பிள்ளை நியூயோர்க்கில் படித்துவிட்டு அதே பட்டறைக்குத் திரும்பினார். அவருடைய யோடா கதிரையில் முதுகுப்பக்கப் பிரம்புகள் மேலே கட்டுப்படாமல் ஆற்றங்கரைப் புல் போல நிமிர்ந்து நிற்கும், சாய்ந்தால் வளைந்து கொடுக்கும். பார்த்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆனால் அது ஒரு பட்டறையே சேர்ந்து செய்யும் சிற்பம். இங்கே ஒரு ஓடாவியிடம் படத்தைக் காட்டிக் கேட்கிற சாமான் இல்லை. சண்டிகார்க் கதிரையை இங்கே கேட்கலாம்.

கேட்டேன். காத்தான்குடிப் பக்கத்து ஓடாவியார், நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். போனிலிருந்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். முதிரையில் செய்வோமா என்று நான் கேட்டதற்கு உடனே தலையை ஆட்டினார். இருக்கைச் சட்டத்தின் ஓரத்தில் வரிசையாகத் துளை விழ வேண்டும், முதிரை அந்த இடத்தில் வெடிக்கும், தேக்கே நல்லது என்றார். அப்போது கார்த்திகை மாதம். நான் அவசரப்பட்டேன்.

“தம்பி, மாரிக்குள்ள செஞ்சா மறுகா கச்சானுக்குக் கழுந்து லூசாப் போகும். பொறுங்க.”

பொறுத்தேன். கச்சான் காற்று வீசி மரத்தின் ஈரத்தை எடுத்த பிறகு ஆடி மாதத்தில் கழுந்தை, அதாவது ஒரு கட்டை மற்றதன் துளைக்குள் இறங்கும் முனையை, வெட்டினார். அடுத்த மாரிக்கு மரம் ஊதியபோது பொருத்துகள் இன்னும் இறுகின. ஐந்து வருடத்தில் ஒரு கதிரையும் ஆடவில்லை.

நான் பிரம்பின் பக்கம் நிற்பதற்கு முதற்காரணம் பராமரிப்பு. கதிரையில் எப்போதும் முதலில் போவது இருக்கைதான். போனால் யார் திருத்துவார், எத்தனை நாளில், எங்கே என்பதுதான் என் கேள்வி.

பிரம்பு இருக்கை இரண்டு விதம். ஒன்று, மெசினில் பின்னிய ஷீட்டைச் சட்டத்தில் வெட்டிய காடிக்குள் பசை வைத்து இறுக்குவது. மற்றது, சட்டத்தைச் சுற்றித் துளை போட்டு இழை இழையாகக் கையால் பின்னுவது. ஷீட் மலிவு, ஒரு நாளில் முடியும். ஆனால் கிழிந்தால் காடியிலுள்ள பழைய பசையை உளியால் தோண்ட வேண்டும், அதில் மரமும் போகும். துளை வைத்த கதிரையில் பழைய பின்னலைக் கத்தியால் அறுத்து எறிந்துவிட்டு அதே துளைகளில் புதிதாகத் தொடங்கலாம். என் கதிரை ஒன்றில் சுற்றிவர 76 துளை. காசு கூடினாலும் துளைதான் வேண்டும் என்று நின்றேன், இன்றும் அதையே சொல்வேன்.

பின்னியவர் அக்கரைப்பற்றுப் பக்கத்து மாமி ஒருவர். பன்பாய் இழைத்துப் பழகிய கை. முதலில் முன்பின்னாக ஒரு சுற்று, அதன்மேல் இடம்வலமாக ஒரு சுற்று, மறுபடி முன்பின், பிறகு மேலும் கீழுமாக நுழைத்து இடம்வலம். அதுவரைக்கும் சல்லடைபோல் இருக்கும். மூலைவாட்டமாக ஓர் இழை போனதும் பின்னல் இறுகத் தொடங்கும். எதிர் மூலையிலிருந்து மற்ற இழையும் போனதும் நடுவில் எட்டு மூலைக் கண்கள் திறக்கும். பிரம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். இன்னும் ஊறட்டுமா என்று நான் கேட்டபோது, “நனைஞ்சது காணும் மகன், கூட ஊறினாக் கறுத்துப் போகும்” என்றார். காய்ந்ததும் விரலால் தட்டிப் பார்த்தேன். தவில் வார் போல இறுக்கம்.

இரண்டு வருடத்துக்கு முதல் மருமகன் ஒருவன் கதிரையில் முழங்கால் வைத்து ஏறி அலுமாரி மேல் பந்தை எடுத்தான். நடுவில் கிழிந்தது. பழைய நான்கு பிளாஸ்டிக் கதிரைகளின் நினைவில் எனக்கு வயிறு கலங்கியது. கதிரையை பஸ்ஸில் ஏற்றி அக்கரைப்பற்றுக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் புதுப் பின்னலோடு திரும்பி வந்தது. மற்ற ஐந்தும் தேன் நிறத்துக்கு மாறியிருக்க, அது மட்டும் இன்னும் வெளிர் மஞ்சளாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய சாட்சி வீட்டிலேயே இருக்கிறது. அம்மப்பாவின் சாய்மனைக் கதிரை. 2004 சுனாமியில் கடல் அதைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று வளவு தள்ளிச் சேற்றில் போட்டது. பிரம்பு அழுகிப் போயிருந்தது, சட்டம் அப்படியே இருந்தது. அம்மா நல்ல தண்ணீரில் கழுவிக் கழுவி உப்பை இறக்கினார். பின்னலை மாற்றினோம். இன்றைக்கும் விறாந்தையில் கிடக்கிறது. மத்தியானத்தில் யார் முதலில் போய் இருப்பது என்று சண்டை நடக்கும்.

வீட்டில் நாங்கள் செய்வது கொஞ்சம்தான். இருக்கை தொய்ந்தால் கதிரையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை நனைத்த துணியால் துடைத்து, நிழலில் காயவிடுவோம். பிரம்பின் மேற்தோல் வழுவழுப்பு, தண்ணீர் இறங்காது. அடிப்பக்கம்தான் உறிஞ்சும், காயும்போது சுருங்கி இறுகும். மேலே தடித்த வார்னிஷ் பூசி மூட வேண்டாம். உளு விழுகிறதா என்று கச்சான் தொடங்கும்போது ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். மாவுபோல் தூள் கொட்டினால் அது உளுதான். எனக்கு இதுவரை விழவில்லை. ஐந்து வருடத்தை வைத்து, இனியும் விழாது என்று சத்தியம் பண்ண மாட்டேன். பிளாஸ்டிக் பிரம்பு என்று ஒன்று விற்கிறார்கள். அது நனைத்தாலும் இறுகாது, வெக்கையில் தொடையில் ஒட்டும். அதை வாங்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. மெல்லிய சேலை என்றால் அறுந்த இழை நுனியில் மாட்டும். கனநேரம் இருந்தால் காலில் பின்னலின் அச்சு விழும். பூனை உள்ள வீட்டுக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன். பிரம்புக் கட்டு இங்கே கிடைக்காது. கண்டி வீதியில் ரதாவடுன்ன, வேவல்தெனியப் பக்கம் பிரம்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அந்த வழியால் வருகிற யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

திருப்பி விற்பதா? சண்டிகாரில் அந்த அசல் கதிரைகளைப் பழசு என்று குவித்து ஏலத்தில் கழித்தார்கள். பிறகு அவை ஐரோப்பிய ஏலங்களில் பெரும் விலைக்குப் போயின. என்னுடையவை அப்படிப் போகாது, போகவும் வேண்டாம்.

மெத்தை விருப்பம் உள்ளவர்கள் மருதமுனைக் கைத்தறியில் துணி எடுங்கள். கோடுபோட்ட கைத்தறிக்குக் கொழும்பில் பெரிய மதிப்பைத் தேடிக் கொடுத்தவர் பேர்ஃபுட் கைத்தறிக் கடையைத் தொடங்கிய பார்பரா சன்சோனி. அந்தக் கோடுகளைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு நம் அம்பாறைக் கரையிலேயே தறி இருக்கிறது. சாறத் துணியே மெத்தைக்குத் தாங்கும். ஆனால் பின்னலின் கண்களால் காற்று வருவதற்காகத்தான் பிரம்பு. மெத்தை போட்டால் அந்தச் சுகம் போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் வாங்குப் பலகைக்கு மட்டும் மெத்தை.

இப்போது விறாந்தைக்கு இருவர் இருக்கும் கதிரை ஒன்று வேண்டும். தேக்குப் பலகை வாங்கி அறைக்குள் அடுக்கியிருக்கிறேன். நேற்றுக் காக்காவுக்குப் போன் எடுத்தேன். இன்னும் கச்சான் பிடிக்கவில்லையே தம்பி என்றார்.