மூன்று நட்சத்திரம், அதுவும் டாக்டரம்மாவுக்காக

தம்பிக்கு மூளைக் கட்டி ஆபரேஷன் முடிந்ததும் திசு இருந்த மெழுகுக் கட்டையை இந்த லேபுக்குக் கொண்டுபோனேன். ஐடிஎச்1 டெஸ்ட் என்றேன், கட்டியில் அந்த நொதி மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. கவுண்டரில் இருந்த பெண் “சுகரா, தைராய்டா?” என்றார். ஒரு நட்சத்திரம் அங்கேயே போச்சு.

உள்ளே டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். செல்லெல்லாம் காபி டிக்காஷன் பட்டது போலப் பழுப்பு. அந்த நிறம் பிடித்தால் பாசிட்டிவாம், அதாவது ஐடிஎச்1 மாறியிருக்கிறது. ஐடிஎச்1 நம் எல்லார் செல்லிலும் இருக்கிற நொதிதான். அதில் 132ஆவது இடத்து அமினோ அமிலம் மாறிவிட்டால் 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட் என்ற பொருளைச் செய்து குவிக்கும். அது டிஎன்ஏ மேல் ஒட்டிய மெத்தில் குறிகளை (மரபணுக்களை அடக்கிவைக்கும் ரசாயன ஒட்டுகள்) கழற்ற விடாது. செல் முதிராமல் பெருகிக்கொண்டே, அக்கம்பக்கத்து மூளைக்குள் மெல்ல ஊடுருவும். ஆனாலும் இந்த மாற்றம் இல்லாத, வேகமாக வளரும் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றைவிட நிதானமான ரகம் என்றார். அப்போதுதான் மூச்சு வந்தது.

மாறிப்போன இந்த நொதியை அடக்கும் வோராசிடெனிப் மாத்திரைக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்த மாற்றமுள்ள கிரேடு 2 மூளைக் கட்டிகளில் நடந்த ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த காலம் ஒப்பீட்டுக்காக மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களுக்கு 11.1 மாதம், இதை எடுத்தவர்களுக்கு 27.7 மாதம்.

ரிப்போர்ட் ஐந்து நாள் என்றார்கள், பதினொரு நாள் ஆனது. வயதும் தப்பு. மெழுகுக் கட்டையை மறக்காமல் கேட்டு வாங்குங்கள், அவர்களாகத் தர மாட்டார்கள்.