12 வோல்ட் 555 டிலே ரிலே போர்டு: சின்ன மோட்டாருக்குப் போதுமா?

சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கிற, என்ஈ555 என்ற டைமர் ஐசி வைத்த போர்டு இது. ஒரு நீல ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), எட்டுக்கால் ஐசி, 0 முதல் 10 வினாடி வரை திருகி வைக்க ஒரு ப்ரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), ஸ்க்ரூ டெர்மினல்கள், அவ்வளவுதான். மீன் தீனி தள்ளும் கியர் மோட்டார், சோப்புத் தண்ணீர் பம்ப் போல சில வினாடி ஓடி நிற்க வேண்டியவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம். வாங்கியபடியே மாட்டினால் மட்டும் சரியாக வராது.

முதல் சிக்கல் அது வேலை செய்யும் விதம். சப்ளை கொடுத்ததும் நேரம் எண்ணத் தொடங்கும். எண்ணி முடித்த பிறகுதான் ரிலே இழுக்கும், சப்ளை இருக்கும்வரை விடாது. என்.ஓ. முனையில் (ரிலே இழுத்தால்தான் இணையும் முனை) மாட்டிய மோட்டார் பத்து வினாடி சும்மா இருந்துவிட்டு ஓடத் தொடங்கி, நிற்காமல் ஓடும். இதைக் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்ப வேண்டாம். மோட்டாரை என்.சி. முனைக்கு (ரிலே இழுக்காதபோது இணைந்திருக்கும் முனை) மாற்றினால் போதும்: சுவிட்ச் போட்டதும் ஓடும், நேரம் முடிந்ததும் நிற்கும். ஒன்றை மறக்கக்கூடாது. சப்ளை இல்லாதபோதும் என்.சி. மூடியேதான் இருக்கும். அதனால் காம் முனைக்கு (இரண்டுக்கும் பொதுவான முனை) வரும் 12 வோல்ட், போர்டுக்குப் போகும் அதே சுவிட்சுக்குப் பின்னால் இருந்து வர வேண்டும். மோட்டாருக்குத் தனி பேட்டரி வைத்தால் போர்டு அணைந்திருக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

சுவிட்சை அடாப்டரின் சுவர்ப் பக்கம் வைக்காமல் 12 வோல்ட் பக்கம் வையுங்கள். அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் வற்றச் சற்று நேரமாகும். உடனே மறுபடி போட்டால் டைமர் கெப்பாசிட்டரில் பழைய சார்ஜ் மிஞ்சியிருந்து அடுத்த ஓட்டம் குறைந்துவிடும்.

நேரத்தைக் கூட்ட ஆசைப்படுபவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். நேரம் = 1.1 × ரெசிஸ்டன்ஸ் × கெப்பாசிட்டன்ஸ். 100 கிலோ ஓமும் 100 மைக்ரோஃபேரடும் சேர்ந்தால் 11 வினாடி. ப்ரீசெட்டை 1 மெகா ஓமாக மாற்றினால் 110 வினாடி, காகிதத்தில். டைமர் கெப்பாசிட்டரில் சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 8 வோல்ட் வந்ததும் 555 ஐசி நேரம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் 1 மெகா ஓம் வழியே மீதி 4 வோல்ட் தள்ளுவது வெறும் 4 மைக்ரோ ஆம்பியர். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் கசிவே அந்த அளவுக்கு வந்துவிட்டால் நேரம் முடியவே முடியாது, மோட்டார் நிற்காது. நாள்பட்டுக் கிடந்த சரக்கில் கசிவு இன்னும் கூடும். அதோடு கெப்பாசிட்டரின் மதிப்பிலேயே ±20% வேறுபாடும் உண்டு. ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டுமென்றால் இந்தப் போர்டை விட்டுவிட்டு எக்ஸ்ஒய்-ஜே02 போன்ற டிஜிட்டல் டைமருக்குப் போவதே நல்லது. அது 0.1 வினாடி முதல் 999 நிமிடம் வரை எண்களிலேயே வைக்க விடும், ஓடி நின்று மறுபடி ஓடும் சுழற்சியும் அதில் உண்டு.

அடுத்தது மோட்டார் கிளப்பும் தொல்லை. கார்பன் பிரஷ் உள்ள எந்த மோட்டாரும் பொறி பறக்கவிடும். அந்த இரைச்சல் சப்ளை வழியே ஐசிக்குப் போனால் நேரம் பாதியிலேயே முடியும், இல்லையென்றால் ரிலே படபடக்கும். மோட்டார் முனைகளிலேயே 100 நானோஃபேரட் செராமிக் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள். குறுக்கே 1என்4007 டையோடு ஒன்றும் வேண்டும், கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸுக்கு. ரிலே சுருளுக்குப் போர்டிலேயே இருக்கும் டையோடு, மோட்டாரை நிறுத்தும்போது அது கிளப்பும் எதிர் வோல்டேஜை அடக்காது. அடாப்டரிலிருந்து போர்டுக்கு ஒரு ஜோடி, காம் முனைக்கும் மோட்டாருக்கும் ஒரு ஜோடி எனத் தனித்தனி வயர் இழுத்தாலே பாதித் தொல்லை தீரும்.

ரிலே மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். டிசி மோட்டாருக்கு 2 ஆம்பியரோடு நிறுத்துவதே என் பரிந்துரை, ஏனென்றால் கிளம்பும்போதும் அடைத்துக்கொண்டாலும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் டைமர் நிறுத்தினாலும் மோட்டார் நிற்காது. அடைத்துக்கொண்ட மோட்டார் அதிகம் இழுத்தால் துண்டிக்க, மோட்டார் வயரில் ஒரு ஃபியூஸும் கட்டாயம்.

9 வோல்ட் சதுர பேட்டரியில் ஓட்டலாமா என்று பலர் கேட்பார்கள். ஓட்ட வேண்டாம். இந்த ரிலே உறுதியாக இழுக்கவே 9 வோல்ட் வேண்டும், மோட்டார் சுமை விழுந்ததும் அந்த பேட்டரி அதற்கும் கீழே போய்விடும். மறுபக்கம் 24 வோல்ட் கொடுத்தால் ஐசி போய்விடும், என்ஈ555இன் வரம்பு 16 வோல்ட்தான். பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தாலும் அதே கதிதான். முதல் தடவை மோட்டாருக்குப் பதில் ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டி, கடிகாரம் பார்த்து நேரத்தைத் திருகி வைத்த பிறகே மோட்டாரை இணையுங்கள்.