ஸ்லோடைவின் ‘எவ்ரிதிங் இஸ் அலைவ்’: இரவு பத்து மணிக்கு மேல் போட வேண்டிய இசைத்தட்டு

கல்யாண மண்டபங்களுக்கும் கோயில் கொடைக்கும் சவுண்ட் சர்வீஸ் செய்கிறேன். இருபத்தாறு வருடத் தொழில். தகரக் கூரை போட்ட மண்டபத்தில் பாடகர் வாயைத் திறந்தால் குரல் பின்சுவரில் மோதித் திரும்பி வரும். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த எதிரொலியை அடக்குவதுதான் எனக்கு முழுநேர வேலை. ஆனால் வீட்டுக்கு வந்து காலை நீட்டியதும் நான் கேட்பது, கிட்டாரையும் குரலையும் எதிரொலிக்குள்ளேயே ஊறவைத்திருக்கும் ஒரு குழுவைத்தான். இங்கிலாந்தின் ரெடிங் நகரத்தைச் சேர்ந்த ஸ்லோடைவ். 1998-ல் நண்பன் பதிந்து தந்த கேசட்டில் அவர்களுடைய ‘சூவ்லாக்கி’ இருந்தது. ஒரு பக்கம் தேய்ந்துபோகும் வரை கேட்டேன்.

அந்தக் கேசட் என் கைக்கு வந்தபோது அந்தக் குழுவே இல்லை. 1989-ல் தொடங்கி, ‘ஜஸ்ட் ஃபார் எ டே’ (1991), ‘சூவ்லாக்கி’ (1993), ‘பிக்மேலியன்’ (1995) என்று மூன்று ஆல்பம் போட்டார்கள். மூன்றாவது வந்த கொஞ்ச நாளில், அவற்றை வெளியிட்ட கிரியேஷன் நிறுவனம் அவர்களைக் கைகழுவிவிட்டது. அதே நிறுவனத்தில் ஓயாசிஸ் என்ற ராக் குழு கொடிகட்டிப் பறந்த காலம் அது. கிட்டார் ஒலியை மாற்ற காலடியில் வைத்திருக்கும் பெடல்களைப் பார்த்தபடியே வாசிக்கிறார்கள் என்று இந்த வகை இசைக்கு ‘ஷூகேஸ்’ (ஷூவை வெறித்துப் பார்ப்பது) என்று கேலிப் பெயர் வைத்திருந்தார்கள் லண்டன் பத்திரிகைக்காரர்கள். இன்று பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அதே பெயரைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு இவர்களைத் தேடி வருகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

2014-ல் ஐந்து பேரும் மறுபடி சேர்ந்தார்கள். 2017-ல் குழுவின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு ஆல்பம் வந்தது. அதற்கு அடுத்தது, 2023 செப்டம்பர் 1-ல் டெட் ஓஷன்ஸ் நிறுவனம் வெளியிட்ட இந்த ‘எவ்ரிதிங் இஸ் அலைவ்’. எட்டுப் பாட்டு, நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேலே. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் இவர்கள் வந்தது இதில்தான் முதல்முறை. ஆரம்பித்து முப்பத்து நாலு வருடம் கழித்து!

2020-ல் குழுவின் பாடகி ரேச்சல் காஸ்வெல்லின் அம்மா இறந்தார். டிரம்ஸ் வாசிக்கும் சைமன் ஸ்காட்டின் அப்பாவும் அதே வருடம் போனார். இறந்துபோன அந்த இருவருக்கும்தான் இந்த ஆல்பத்தைக் காணிக்கையாக்கியிருக்கிறார்கள். இது தெரியாமல் கேட்டாலும் புரியும். துக்க வீட்டில் முதல் நாள் அழுகை ஓய்ந்து, மூன்றாம் நாள் காலையில் யாரோ காபி போட்டுக்கொண்டு வந்து கையில் கொடுப்பார்களே, அந்த நேரத்து அமைதி இதில் இருக்கிறது.

முதல் பாட்டு ‘ஷாண்டி’ கிட்டாரில் தொடங்கவில்லை. சிந்தசைசரில் ஒரு சின்னச் சுழல், அச்சு இயந்திரம் ஓடுவதுபோல விடாமல் ஓடுகிறது. குழுவில் பாட்டு எழுதிப் பாடும் நீல் ஹால்ஸ்டெட் இந்த ஆல்பத்தை முதலில் எலக்ட்ரானிக் இசையாகத்தான் யோசித்திருந்தார். அதன் தடம் இங்கே நன்றாகத் தெரிகிறது. அப்புறம் கிட்டார் மேலே வந்து படிகிறது. நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால், கிட்டார் நுழைந்த பிறகும் அந்தச் சுழல் அடியில் ஓடிக்கொண்டே இருப்பது கேட்கும். ஒன்றை ஒன்று விழுங்கவில்லை. இத்தனை அடுக்கு வைத்து ஒவ்வொன்றுக்கும் இடம் விடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மிக்சர் முன்னால் உட்கார்ந்து பழகியவனாகச் சொல்கிறேன்.

எனக்கு உயிர் இரண்டாவது பாட்டு, ‘பிரேயர் ரிமெம்பர்டு’. சொல்லே கிடையாது. ஒரு கிட்டார் மெட்டு மெதுவாக வந்து, திரும்ப வந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அகலமாகிறது. அவ்வளவுதான். சைமன் ஸ்காட் இதில் எத்தனை குறைவாக அடிக்கிறார் என்று கவனியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கொடை முடிந்து ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கிவிட்டு வந்து இதை நாலு தடவை போட்டேன். காதில் இருந்த இரைச்சல் போய்விட்டது.

நாலாவதாக வரும் ‘ஆண்டலூசியா பிளேஸ்’ ஹால்ஸ்டெட் பல வருடம் முன்பு எழுதி வைத்திருந்த பாட்டு. இங்கே அவர் குரலை வழக்கத்தைவிடப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். மூச்சு கேட்கிறது. முன்பெல்லாம் புகைமூட்டத்துக்குள் நின்று பாடியவர், இதில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்.

தட்டைத் திருப்பிப் போட்டால் ‘கிஸ்ஸஸ்’. இதுவரை இவர்களைக் கேட்காதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். மெட்டு உடனே மனதில் உட்காரும், நாலு நிமிடத்துக்குள் முடியும். ‘ஸ்கின் இன் தி கேம்’ பரவாயில்லை. ‘செயின்ட் டு எ கிளவுட்’ எனக்குக் கொஞ்சம் நீளம். நடுவில் இரண்டு நிமிடம் குறைத்திருக்கலாம். கடைசியில் வரும் ‘தி ஸ்லாப்’ அதற்கெல்லாம் ஈடு கட்டிவிடுகிறது. டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து பெரிய மழைபோல இறங்குகிற பாட்டு. ரேச்சல் காஸ்வெல்லின் குரல் ஆல்பம் முழுக்க இன்னும் கொஞ்சம் அதிகம் வந்திருக்கலாம் என்பது என் குறை. ‘அலைஃப்’ பாட்டில் அவரும் ஹால்ஸ்டெட்டும் மாறி மாறிப் பாடும்போது அந்த ஏக்கம் கூடிவிடுகிறது. ஆறு வயதிலிருந்து பழகியவர்கள், ஒரு காலத்தில் காதலர்கள், பிரிந்த பிறகும் சேர்ந்து பாடுகிறவர்கள். அந்த இரண்டு குரலுக்கும் நடுவில் இருக்கும் பழக்கத்தை எந்தப் பெடலாலும் கொண்டுவர முடியாது.

வாங்குகிறவர்களுக்கு: செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். நிக் சாப்ளினின் பேஸ் முழுசாகக் காணாமல் போய்விடும், மிச்சம் வெறும் மூடுபனிதான். நான் தட்டாக வாங்கினேன், 3,200 ரூபாய் ஆனது. அனுப்பிய கடைக்காரர் மெல்லிய அட்டையில் சுற்றி விட்டதால் உறையின் ஒரு மூலை மடங்கித்தான் வந்தது. மனசு கேட்கவில்லை. தட்டில் கீறல் இல்லை என்பதால் திருப்பி அனுப்பவில்லை. உங்கள் கடையில் முன்கூட்டியே கெட்டி அட்டைப் பெட்டி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

வால்யூமை பாதிக்கு மேல் வைக்க வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு முதல் பக்கத்தை முழுசாக ஓட விடுங்கள். ‘ஆண்டலூசியா பிளேஸ்’ முடிந்ததும் எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டுமே, எனக்கு அதற்கே எப்போதும் ஐந்து நிமிடம் ஆகிவிடுகிறது.