பி.எம்.பி. சான்றிதழ்: ரெஸ்யூமில் எவ்வளவு தூரம் உழைக்கிறது?

ஐ.டி. துறையில் ப்ராஜெக்ட் மேனேஜர் வேலை தேடுபவர்கள், பி.எம்.பி. (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ப்ரொஃபெஷனல்) சான்றிதழ் இருந்தால் அழைப்பு வந்துவிடும் என்று நம்பித்தான் பணம் கட்டுகிறார்கள். சில வருடம் ரெஸ்யூமில் வைத்திருந்தால் அதன் எல்லை புரியும். ரெக்ரூட்டரின் தேடலில் சிக்க உதவும், அதோடு சரி. மேனேஜர் படித்துப் பார்ப்பது கீழே உள்ள ப்ராஜெக்ட் வரிகளை.

அந்த வரிகளுக்கான சரக்கும் இதே சான்றிதழ் வழியாகத்தான் கிடைக்கிறது. இதை யாரும் சொல்வதில்லை. நான்காண்டுப் பட்டதாரிகள் தேர்வுக்கான விண்ணப்பத்தில் 36 மாத ப்ராஜெக்ட் அனுபவம் காட்ட வேண்டும். ப்ராஜெக்ட் ஒவ்வொன்றுக்கும் நோக்கம், உங்கள் பங்கு, விளைவு என்று 200 முதல் 500 வார்த்தை எழுத வேண்டும். விண்ணப்பம் ஆடிட்டில் (சரிபார்ப்பில்) மாட்டினால் பழைய மேலதிகாரி அதை உறுதிப்படுத்தவும் வேண்டும் என்பதால் அளந்துவிட முடியாது. அதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு சுருக்கினாலே ரெஸ்யூமில் பாதி முடிந்தது.

"வங்கி ப்ராஜெக்ட்டின் டெலிவரிக்குப் பொறுப்பு" என்ற வரி எல்லார் ரெஸ்யூமிலும் இருக்கிறது. இப்படி எழுதிப் பாருங்கள்: "தனியார் வங்கிக்கு லோன் மாட்யூல், 9 பேர், 14 மாதம். வெண்டர் ஏ.பி.ஐ. 6 வாரம் தாமதம். டெஸ்டிங்கை இரண்டு கட்டமாகப் பிரித்ததால் கோ-லைவ் 2 வாரம் மட்டுமே தள்ளிப்போனது." தாமதத்தை மறைக்காததுதான் இதன் பலம். இன்டர்வியூவில் முதல் கேள்வியே இதிலிருந்து வரும், அதற்குப் பதிலும் உங்களிடம் இருக்கும். க்ளையன்ட் பெயர் வேண்டாம், என்.டி.ஏ. (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) இருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். சான்றிதழில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயர் விரிவாக இருக்கும். ரெஸ்யூமில் ஒற்றை எழுத்து. சான்றிதழ் வழங்கும் பி.எம்.ஐ. அமைப்பின் பொதுப் பதிவேட்டில் ஹெச்.ஆர். தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். இரண்டிலும் ஒரே வடிவம் வையுங்கள், சான்றிதழ் எண்ணையும் சேருங்கள். சான்றிதழின் சுருக்கப் பெயர், முழுப் பெயர் இரண்டையும் ஒருமுறை எழுதுங்கள். தேடுபவர் எதைத் தட்டுவார் என்று சொல்ல முடியாது.

இரண்டு நெடுவரிசை டெம்ப்ளேட் பார்க்க அழகு. ஆனால் ரெஸ்யூம்களைப் படித்து வடிகட்டும் சில ஏ.டி.எஸ். மென்பொருள்கள் இடது வலது வரிகளைக் கலந்துவிடும்; ஹெடரில் போட்ட போன் நம்பரை விட்டுவிடும். ஒற்றை நெடுவரிசை வேர்டு ஃபைல் போதும்.

பராமரிப்புதான் தொல்லை. சான்றிதழைத் தக்கவைக்க 3 ஆண்டுக்கு 60 பி.டி.யூ. (தொழில் மேம்பாட்டுப் புள்ளிகள்) சேர்க்க வேண்டும்; அதில் குறைந்தது 35 கற்றல் வழியாக வர வேண்டும். வேலை செய்வதற்காகக் கிடைப்பது அதிகபட்சம் 8. கடைசி மாதத்தில் விழுந்தடித்து வெபினார் பார்ப்பவர்கள்தான் அதிகம். தவறவிட்டால் ஒரு வருடம் சஸ்பென்ஷன். அந்தக் காலத்தில் பெயருக்குப் பின்னால் பி.எம்.பி. போடக்கூடாது. நௌக்ரி, லிங்க்டின் ப்ரொஃபைல்களிலிருந்தும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.