ஜூன் மேசையா, டிசம்பர் மேசையா? சுவீடன் சமையலை எங்கே தொடங்குவது

சுவீடன் சாப்பாடு என்றதும் இறைச்சி உருண்டையும் லிங்கன்பெர்ரி ஜாமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆண்டு முழுவதும் கிடைக்கும் அதை வைத்து அந்நாட்டுச் சமையலை எடைபோட முடியாது. அங்கே வீட்டுச் சமையல் நாட்காட்டியைப் பார்த்து நடக்கிறது. புதிதாகக் குடியேறியவர் முன்னால் இரண்டு பெரிய விருந்துகள் நிற்கின்றன: ஜூனில் மிட்சொம்மர் எனப்படும் நடுக்கோடை விருந்து, டிசம்பரில் யூல்பூர்ட் எனப்படும் கிறிஸ்துமஸ் விருந்து. எதில் தொடங்கலாம்? என் ஓட்டு ஜூனுக்கு.

பெரும்பாலான புதியவர்கள் முதலில் சந்திப்பது யூல்பூர்டைத்தான். நவம்பர் கடைசியிலேயே உணவகங்கள் அதைப் பரிமாறத் தொடங்கிவிடும். அலுவலகங்கள் ஊழியர்களைக் கூட்டிப்போகும். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஊறவைத்த ஹெர்ரிங் மீன், அடுத்து உப்பும் சர்க்கரையும் இட்டுப் பதப்படுத்திய சால்மன், பிறகு கடுகு விழுதும் ரொட்டித்தூளும் பூசிச் சுட்ட பன்றித்தொடை. சூடான உருண்டைகளும் சிறு சாசேஜ்களும் அதற்குப் பின்னரே. ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டை மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவித்துக்கொண்டு வந்தால் பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் பார்ப்பார். விருந்து பிரமாதம்தான். ஆனால் இருபது பண்டங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் தின்றுவிட்டு வந்தால், வீட்டில் செய்து பார்க்க எது மிஞ்சும்?

ஒன்று மிஞ்சும் என்பேன்: யான்சொன்ஸ் ஃப்ரெஸ்டெல்செ. மெல்லிய குச்சிகளாக நறுக்கிய உருளைக்கிழங்கு, வெங்காயம், கிரீம் எல்லாம் சேர்த்து ஓவன் அடுப்பில் வேகவைப்பது. பார்க்கச் சைவமாகத் தெரியும். உள்ளே மீன் இருக்கிறது, சைவர்கள் கவனிக்கவும். செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: இதற்கு வேண்டியது சுவீடன் கடைகளில் அன்ஷோவிஸ் என்று விற்கும் டப்பா. அதில் இருப்பது மசாலாவும் சர்க்கரையும் சேர்த்து ஊறிய ஸ்ப்ராட் மீன். இத்தாலிய நெத்திலி டப்பாவை வாங்கிப் போட்டால் உப்புக் கரித்து வாயில் வைக்க முடியாது.

மிட்சொம்மர் மேசை இதற்கு நேர் எதிர். 1953 முதல் ஜூன் 19க்கும் 25க்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமையில் கொண்டாடுகிறார்கள். பண்டங்கள் கொஞ்சம்தான்: இரண்டு மூன்று வகை ஹெர்ரிங், புது உருளைக்கிழங்கு, கிரெட்ஃபில் எனும் புளித்த கிரீம், நறுக்கிய சைவ்ஸ் தழை, கடைசியில் ஸ்ட்ராபெர்ரி. ஹெர்ரிங்கை ஜாடியாக வாங்கிக்கொள்ளலாம், யாரும் குறையாக நினைப்பதில்லை. சமையல்காரரின் கை தெரிவது உருளைக்கிழங்கில்தான். அந்தப் பருவத்துக் கிழங்கின் தோல் விரலால் தேய்த்தாலே வந்துவிடும், சீவக் கூடாது. உப்பிட்டுக் கொதிக்கும் நீரில் சதகுப்பைத் தண்டுகளோடு போட்டு, கத்தி இறங்கிய உடனே வடித்துவிட வேண்டும். இரண்டு நிமிடம் அசந்தால் வெடித்து மாவாகிவிடும். குளிர் நீண்ட ஆண்டுகளில், உள்ளூர் ஸ்ட்ராபெர்ரி விழாவுக்குள் பழுக்குமா என்பதே வாரக்கணக்கில் பேச்சாக இருக்கும். ஹெர்ரிங்கின் இனிப்பு முதலில் திகைக்க வைக்கலாம். சூடான கிழங்கும் புளித்த கிரீமும் சேர்ந்த ஒரே கவளத்தில் அது ஏன் இனிக்கிறது என்பது புரிந்துவிடும். மீன் வேண்டாதவருக்கும் மீதியே வயிறு நிறைந்த சாப்பாடு.

ஆகஸ்டில் வரும் கிரேஃபிஷ் விருந்தைச் சமையல் பாடமாக நான் சேர்க்கமாட்டேன். ஏரிகளில் வாழும் அந்த இடுக்கி இறாலை உப்புநீரில் பூத்த சதகுப்பையோடு வேகவைத்து, அதிலேயே ஆறவிட்டுக் குளிராகத் தின்பார்கள். உறைந்த பொட்டலம் வாங்குவோரும் ஏராளம். 1907இல் பரவிய கிரேஃபிஷ் நோய் நாட்டு இனத்தைச் சிதைத்ததால், இன்று கிடைப்பதில் பெரும்பங்கு வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இனமும் இறக்குமதியும்தான். காகித விளக்கு, பாட்டு, மது என்று கொண்டாட்டத்துக்கு மட்டும் குறைவில்லை. அழைத்தால் தட்டாமல் போகலாம்.

ஜனவரியில் வந்து இறங்கியவர் ஜூன் வரை என்ன செய்வார்? வியாழக்கிழமைக்குக் காத்திருந்தால் போதும். சுவீடனில் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் வியாழக்கிழமைச் சாப்பாடு. ராணுவத்திலும் பள்ளி உணவுக்கூடங்களிலும் அதுவே பழக்கம். உலர்ந்த மஞ்சள் பட்டாணியை முந்தின இரவே ஊறவைத்து, தைம், மார்ஜரம் இலைகளோடும் உப்பிட்ட பன்றிக்கறியோடும் குழைய வேகவைக்கிறார்கள். கறியை விட்டுவிட்டால் நம் வீட்டுப் பருப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். செலவும் மிகக் குறைவு. சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் காரமான கடுகு விழுது வைத்துக்கொள்ள மறக்க வேண்டாம். அது இல்லாத சூப் சப்பென்றிருக்கும்.