78 ஓடாத பெட்டியும் ஆடுதுறை பாயும்

முதலில், ஊர் வீட்டுக்கு ரெக்கார்டு பிளேயர் வாங்கிய சென்னைக் கடை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டொரண்டோவிலிருந்தே போன் போட்டுத் தெளிவாகத்தான் கேட்டேன்: "தாத்தா வச்சிருந்த 78 தட்டும் இருக்கு, அப்பா வாங்கின எல்.பி.யும் இருக்கு. ரெண்டும் ஓடணும்." 78 என்றால் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு, எல்.பி. 33 சுற்றில் ஓடும் பிற்காலத் தட்டு. "எல்லாத் தட்டும் ஓடும் சார், டோன்ஆர்ம் எல்லாம் செட் பண்ணியே அனுப்பிடுறோம்" என்றார் பேசியவர். பணம் கட்டினேன், ஆடுதுறை விலாசம் கொடுத்தேன். நான் ஊர் வந்து சேர்ந்தபோது பெட்டி கும்பகோணத்துக் கூரியர் ஆபீசில் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்களாம். சரி என்று போய் எடுத்து வந்து பிரித்தால், வேகம் மாற்றும் குமிழில் இரண்டே எண்கள். 33, 45. அவ்வளவுதான்.

திரும்பப் போன் போட்டால் வேறொருவர் எடுக்கிறார். "78லாம் இப்ப யாரு சார் கேக்குறாங்க?" என்கிறார். நான்தானே கேட்டேன், கேட்டுவிட்டுத்தானே பணம் கட்டினேன் என்றால், "பெட்டியைப் பிரிச்சுட்டீங்கன்னா ரிட்டர்ன் கிடையாது சார்" என்கிறார். பிரிக்காமல் உள்ளே இருக்கும் குமிழை எந்தக் கண்ணால் பார்ப்பது? டொரண்டோவில் பில்லையும் பெட்டியையும் கொண்டுபோய்க் கவுன்டரில் வைத்தால் ஏன் எதற்கு என்று கேட்காமலே பணத்தைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பழகியவனுக்கு இந்தப் பேச்சு வயிற்றெரிச்சலாக இருந்தது. வாங்கும்வரை சார், வாங்கியபின் யாரோ. கடைசியில் ஒரு மேனேஜர் இறங்கி வந்தார். வித்தியாசப் பணத்தைக் கட்டினால் வேறு மாடல் தருவார்களாம். திருப்பி அனுப்பும் கூலியை நான் கட்ட வேண்டும், பிறகு அவர்கள் கொடுத்துவிடுவார்களாம். ஒத்துக்கொண்டேன்.

78-க்காக இவ்வளவு மல்லுக்கட்டு ஏன் என்று நம் பக்கத்துக்காரர்கள் கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் 1948-லேயே எல்.பி. வந்துவிட்டது. இங்கே 1960-களிலும் 78 அச்சாகிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் வீட்டு மரப்பெட்டியில் இருப்பதும் பெரும்பாலும் அரக்குத் தட்டுதான். நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-லேயே காலமாகிவிட்டார். எங்கள் வீட்டில் அவருடைய தோடி ராகத்தைத் தட்டில் கேட்க வேண்டுமென்றால் தாத்தா பத்திரப்படுத்திய அந்த 78-ஐத்தான் போட வேண்டும். திருவாவடுதுறை எங்களுக்குப் பக்கத்து ஊர். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது பிள்ளைவாளை நேரிலேயே கேட்டவர். அவருக்குக் காது இன்னும் நன்றாக இருக்கிறது. அது இருக்கும்போதே கேட்கவைக்க வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

டொரண்டோவில் என்னிடம் இருப்பது ஒரு ரேகா கம்பெனிப் பிளேயர். நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊசியைத் தாங்கும் அதன் கை, அதாவது டோன்ஆர்ம், ஒரே வார்ப்பு. ஊசி பொருந்தும் நுனித் தலையைத் தனியாகக் கழற்ற முடியாது, அடியைத் திருகி உயரத்தை மாற்றவும் முடியாது. எல்.பி. மட்டும் கேட்பவர்களுக்கு அது போதும். 78-க்கென்று அந்தக் கம்பெனியே தனியாக ஒரு பிளேயர் செய்திருக்கிறது. நம் வீடுகளின் தேவை வேறு, ஒரே பிளேயரில் இரண்டும் ஓட வேண்டும். 78-இன் பள்ளம் அகலமானது. எல்.பி. ஊசியின் முனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 0.7 பங்கு என்றால், 78-க்கு 3 பங்கு வேண்டும். சின்ன ஊசியை அந்தப் பள்ளத்தில் விட்டால் அடியில் போய் உட்கார்ந்து அத்தனை வருஷத் தூசியையும் வாசிக்கும். ஆக ஊசி மாற வேண்டும், அதற்கேற்றபடி பாரம் மாற வேண்டும். அரக்குத் தட்டு தடிமனாக இருப்பதால் கையின் உயரமும் கொஞ்சம் மாற வேண்டும். அதனால் ஊர் வீட்டுக்கு வாங்குகிறவர்கள் பாலிஷையும் கண்ணாடி மூடியையும் பார்ப்பதற்கு முன் கையைப் பாருங்கள். தலை கழல வேண்டும், பின்பக்கத்து எடை திரும்ப வேண்டும், அடி ஏறி இறங்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத பிளேயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம் தட்டுகளுக்கு ஆகாது.

அங்கிருந்து பழைய பிளேயரைத் தூக்கி வரலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. பழைய பிளேயர்கள் பலவற்றில் மோட்டார் அந்த ஹெர்ட்ஸை நம்பித்தான் சுற்றுகிறது. 33-இல் சுற்ற வேண்டிய தட்டு 28-ஐ ஒட்டிச் சுற்றும், ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். இங்கத்திய மின்சாரத்துக்கான கப்பியைப் போட்டால் சரியாகும். அந்தக் கப்பியைத் தேடி யார் அலைவது?

இதையெல்லாம் யோசித்து, மேனேஜரிடம் மாடல் பெயரை நானே சொன்னேன்: ஆடியோ-டெக்னிகா எல்.பி.120எக்ஸ். பெல்ட் இல்லாத நேரடி மோட்டார், மூன்று வேகம், எஸ் வடிவக் கை, கழலும் தலை. கூட வரும் கார்ட்ரிட்ஜில், அதாவது ஊசியைப் பிடித்திருக்கும் சின்னக் கூட்டில், ஊசியை மட்டும் உருவிவிட்டு 78 ஊசியைச் சொருகலாம். அந்த ஊசியை டொரண்டோவிலிருந்தே கையோடு கொண்டுவந்திருந்தேன். இரண்டாவது பெட்டி வந்தது. செட் பண்ணி அனுப்புவதாகச் சொன்னார்களே, அதில் தலை ஓர் உறையில், எடை இன்னோர் உறையில், காகிதம்கூடப் பிரிக்காமல் கிடந்தன.

"பாயைக் கூப்பிடு" என்றார் அப்பா.

பாய் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், இன்னமும் சைக்கிள்தான். இந்த மாடலை அவர் பார்த்ததில்லை, பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கையை விரல்நுனியால் தொட்டு இப்படியும் அப்படியும் ஆடவிட்டார். "பேரிங் சுத்தமா இருக்கு தம்பி" என்றார். பக்கத்து வீட்டுக் கட்டட வேலையிலிருந்து கொத்தனாரின் ரசமட்டத்தை வாங்கிவரச் சொல்லி, பிளேயரின் நாலு காலையும் திருகிச் சமம் பண்ணினார். பின் எடையை உருட்டி, கை அந்தரத்தில் நேராக நிற்கும்படி செய்து, எண் வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்து, அங்கிருந்து 2 கிராமுக்குத் திருப்பினார். டொரண்டோவில் கடைக்காரர்களே அதோடு முடித்துக்கொள்வார்கள்.

பாய் முடிக்கவில்லை. "வளையம் சொல்றது கம்பெனிக்காரன் கணக்கு. தராசு என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்று பத்தர் கடைக்கு என் தம்பி மகனை அனுப்பினார். தங்கம் நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு வந்தது. ஊசியை மெல்ல இறக்கினார். ஊசி தொடுவதற்கு முன்பே எண் மைனஸில் ஓடியது. மறுபடி தூக்கினார், இறக்கினார், மறுபடியும் அதே ஓட்டம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தலைக்குள்ள காந்தம்ல இருக்கு. தராசுல இரும்பு. அதான் இழுக்குது" என்றார். சுற்றும் தட்டையே கழற்றி எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தில் தராசை வைத்தார். அதன் மேல் ஒரு தேக்குச் சில்லு, சில்லின் மேல் அட்டைத் துண்டுகள். இசைத்தட்டின் மேற்பரப்பு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்கு அடுக்கிவிட்டு, தராசைப் பூஜ்யமாக்கி, ஊசியை இறக்கினார். எண் ஓடாமல் நின்றது. 2.31. வளையம் 2 என்கிறது. தலைமுடி அளவு திருப்புவார், நிறுப்பார், திருப்புவார். 2.00 வரும்வரை நாங்கள் யாரும் நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை. இத்தனை பொறுமையோடு என் சொந்த ரேகாவை யாரும் தொட்டதில்லை.

அடுத்து உறுமல். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல். பிளேயரின் எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயர் திருகில் முடுக்கியதும் பாதி போனது. மீதிப் பாதிக்கு பாய் கொல்லைக்குப் போனார். ஆற்றில் தண்ணீர் இல்லாத நேரம், மேட்டூர் திறக்க வழக்கப்படி ஜூன் 12 ஆகும். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி பாளமாக வெடித்துக் கிடந்தது. கிணற்றிலிருந்து இறைத்துக் குடம் குடமாக ஊற்றச் சொன்னார். ஊறியபின் உறுமல் அடங்கியது. கனடாவில் இது யாருக்கும் தோன்ற வேண்டிய அவசியமே இல்லை, வயரிங் அப்படி. ஆனால் அங்கே மரத்தரை. யாராவது நடந்தாலே ஊசி துள்ளும் என்பதால் சுவரில் பலகை அடித்துத்தான் வைத்திருக்கிறேன். இங்கே மண்ணோடு இறுகிய சிவப்புச் சிமெண்டுத் தரை, ஊருக்கே கேட்க நடந்தாலும் அசையாது. கூடத்து ஊஞ்சலை மட்டும் கட்டிப்போட வேண்டியிருந்தது.

தட்டைத் துடைக்க யாரோ ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து வந்தார்கள். பாய் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். எல்.பி. தாங்கிக்கொள்ளலாம், அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரும் மெல்லிய துணியும் போதும் என்றார்.

78 ஊசியைச் சொருகி, அதன் சீட்டில் போட்டிருந்த கூடுதல் பாரத்தை மறுபடி தராசில் சரிபார்த்து, தோடியைப் போட்டோம். கொஞ்சம் கேட்டதுமே அப்பா கையைத் தூக்கினார். "சுருதி ஏறியிருக்கு. அவர் வாசிச்சது பாரி. இது திமிரியாட்டம் கேக்குது." திமிரி குட்டையான, சுருதி ஏறிய நாயனம்; நீளமான, தாழ்ந்த சுருதிப் பாரி நாயனத்தைப் பிரபலமாக்கியவரே ராஜரத்தினம் பிள்ளைதான். அந்தக் காலத்தில் எல்லாத் தட்டையும் சரியாக 78-இல் பதியவில்லை. மோட்டார் சரியாகச் சுற்றினாலும் நாயனம் தப்பாகக் கேட்கலாம். பாய் வேகம் குறைக்கும் பட்டையைத் தள்ளத் தள்ள, அப்பா "இன்னும்... இன்னும் கொஞ்சம்... நிறுத்து" என்றார். எந்த மீட்டரும் அதைச் சொல்லியிருக்காது. பாய் பட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தார், அடுத்த முறை தேட வேண்டாம் என்று.

கூலி கேட்டால் "குடுக்கறதக் குடுங்க" என்றார். நான் கொடுத்ததில் பாதியை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தேன், சண்டை போட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

சென்னைக் கடை கூரியர் கூலியை இன்னும் தரவில்லை. மேனேஜர் இப்போது போனையே எடுப்பதில்லை, மெயில் மேல் மெயில் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆடுதுறை, கும்பகோணம் பக்கம் தட்டு வைத்திருப்பவர்கள் பாயிடம் போவதாக இருந்தால் சாயங்காலமாகப் போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும். தராசை அவரே பத்தரிடம் வாங்கிக்கொள்வார், தேக்குச் சில்லும் இப்போது அவரிடமே இருக்கிறது.